அரைகுறையாக இருப்பதை அனுப்பலாமா? – வாசகர் கேள்வி பதில்

நிகழ்கலை விழாக்கள் புதிய படைப்புகளுக்கு அழைப்பு விடுப்பது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். விழா நடத்துகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள், விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்துப்போன கலைஞர்களும் எழுதியிருக்கிறார்கள். பிரிக்காமல் கலந்தே பதில் சொல்கிறேன். ஒரு தரப்பின் தலைவலி இன்னொரு தரப்புக்குத் தெரிந்தால் நல்லதுதானே.

கேள்வி: நாங்கள் ஒரு சின்ன கலை அமைப்பு. முதல் முறையாக மூன்று நாள் விழா நடத்தப்போகிறோம். இதுவரை மேடையேறாத நாடகம், நடனம் எல்லாம் கேட்டு அறிவிப்பு வெளியிட வேண்டும். ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். அறிவிப்பில் என்னென்ன இருக்க வேண்டும்?

பதில்: முதலில் உங்களுக்குள் உட்கார்ந்து எது புதியது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு பொது மேடையில்கூட ஏறாததா, அல்லது வேறு ஊரில் நடந்திருந்தாலும் உங்கள் ஊரில் முதல் முறை என்றால் போதுமா? கல்லூரி நிகழ்ச்சியில் 15 நிமிடத் துண்டாகக் காட்டியதை ஒரு மணி நேரமாக வளர்த்துக்கொண்டு வந்தால் ஏற்பீர்களா? பழைய நாடகத்துக்குப் புது இயக்கம், புது நடிகர்கள் என்றால்? இதில் எது சரி என்று நான் சொல்ல முடியாது, எதையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அறிவிப்பில் சொல்லாமல் விட்டால் தேர்வு நாளன்று உங்கள் குழுவுக்குள்ளேயே சண்டை வரும், ‘இது ஏற்கெனவே நடந்ததாமே’ என்று யாரோ ஒருவர் போன வருஷத்து போஸ்டரை எடுத்துக் காட்டுவார்.

அடுத்து, படிக்கிற கலைஞர் இதற்கு விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்று ஐந்து நிமிடத்தில் முடிவெடுக்க உதவும் தகவல்கள். பெரும்பாலான அறிவிப்புகள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. விழாவின் நோக்கம், பாரம்பரியம், கலையின் மகத்துவம் என்று ஒரு பக்கம் ஓடும், மேடை எத்தனை அடி என்று எங்கேயும் இருக்காது. இப்படி ஒரு வரி எல்லா அறிவிப்பிலும் பார்க்கலாம்: ‘சமகாலச் சூழலில் மனித இருப்பின் பன்முகப் பரிமாணங்களை ஆராயும் புத்தாக்கப் படைப்புகள் வரவேற்கப்படுகின்றன.’ இதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. இதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்: ‘45 முதல் 60 நிமிடம் வரை ஓடும் படைப்பு. நாடகம், நடனம், பொம்மலாட்டம், எதுவாகவும் இருக்கலாம். ஸ்கிரிப்ட் முடிந்திருக்க வேண்டியதில்லை. மேடை 30 அடி அகலம், 24 அடி ஆழம், மரத்தளம், இரண்டு பக்கமும் நடிகர்கள் மறைந்து நிற்க விங்ஸ் உண்டு. ஒரே மாலையில் மூன்று நிகழ்ச்சிகள் நடப்பதால் உங்கள் செட் அரை மணி நேரத்தில் ஏறி இறங்க வேண்டும். அதிகபட்சம் ஆறு பேர் பயணச் செலவும் தங்குமிடமும் எங்கள் பொறுப்பு.’ அழகு குறைவுதான். ஆனால் பத்து பேர் கொண்ட குழு தனக்கு இது ஒத்துவராது என்று உடனே தெரிந்துகொள்ளும், வெறுங்காலில் தரையில் விழுந்து புரண்டு ஆடுகிற நடனக்காரர் சிமெண்ட் தரை இல்லை என்று நிம்மதியடைவார்.

பணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நாடகத்தைக் கூப்பிட்டால் செலவு நிகழ்ச்சி நாளில்தான். புதுப் படைப்பில் செலவெல்லாம் அதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிடும்: ஒத்திகை இடத்து வாடகை, வேலைக்கு லீவு போட்டு வருகிற நடிகர், துணி, மரம், இசை. அதனால் ‘நிகழ்ச்சி முடிந்த பிறகு சன்மானம் வழங்கப்படும்’ என்று எழுதிவிட்டுப் புதிதாகச் செய்து கொண்டுவா என்று கேட்பது, கையில் ஏற்கெனவே பணம் உள்ளவர்களை மட்டும் கூப்பிடுவதற்குச் சமம். தேர்வானதும் ஒரு பகுதி, ஒத்திகை நடுவில் ஒரு பகுதி, மீதி நிகழ்ச்சியன்று என்று பிரியுங்கள். மொத்தத் தொகை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, எவ்வளவு, எப்போது என்பதை அறிவிப்பிலேயே போடுங்கள். ‘தகுந்த சன்மானம்’ என்று போடாதீர்கள். யாருக்குத் தகுந்தது?

ஆவணங்களை இரண்டு கட்டமாகக் கேளுங்கள். முதல் கட்டத்தில் ஒரு பக்க விளக்கம், ஒரு வீடியோ லிங்க், யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல். பட்ஜெட், ஒளியமைப்பு வரைபடம், ஆளுக்கொரு வாழ்க்கைக் குறிப்பு இதெல்லாம் இரண்டாம் கட்டத்துக்கு வந்த பதினைந்து பேரிடம் மட்டும். எட்டு இடத்துக்கு 200 பேர் விண்ணப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், மீதி 192 பேரும் ராத்திரி கண்விழித்து எக்செல் ஷீட் போட்டது யாருக்காக?

அவகாசம்: அறிவிப்பு வந்ததிலிருந்து கடைசி தேதிக்கு ஆறு வாரமாவது வேண்டும். தேர்வு முடிவிலிருந்து விழாவுக்கு நாலைந்து மாதம். இரண்டாவது முக்கியம். புதுசு வேண்டும் என்று கேட்டுவிட்டு ஆறு வாரத்தில் மேடையேறு என்றால், வேறு பெயரில் பழசுதான் வரும்.

கேள்வி: பெரிய பெயருள்ள கலைஞர் ஒருவரை அழைக்க எங்கள் குழுவில் எல்லோருக்கும் ஆசை. அவருடைய மிகப் பிரபலமான நிகழ்ச்சியையே கேட்டுவிடலாம், கூட்டம் நிச்சயம் என்கிறார்கள். புதிய படைப்புக்கான விழாவில் இது சரியா?

பதில்: கேட்பதில் தப்பில்லை. ஆனால் 1947-ல் பிரான்ஸின் அவிஞ்யோனில் நடந்ததைக் குழுவில் சொல்லிப் பாருங்கள். அங்கே போப்பாண்டவர் மாளிகையில் ஒரு நவீன ஓவியக் கண்காட்சி ஏற்பாடானது. அதையொட்டி, ஏற்கெனவே நன்றாகப் பேர் வாங்கியிருந்த தன் நாடகம் ஒன்றை வந்து போடும்படி இயக்குநர் ஜான் விலாரைக் கேட்டார்கள். அவர் முதலில் மாட்டேன் என்றார். அப்புறம் யோசித்துவிட்டு, அதற்குப் பதிலாக மூன்று புதிய தயாரிப்புகள் தருகிறேன் என்று வந்தார். அன்று தொடங்கியதுதான் இன்றைக்கு உலகின் மிகப் பெரிய நாடக விழாக்களில் ஒன்றான அவிஞ்யோன் விழா. ஓடிய நாடகத்தையே போட்டிருந்தால் கண்காட்சியோடு அதுவும் முடிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

உங்கள் பெரிய கலைஞரிடமும் அதையே கேட்டுப் பாருங்கள்: ‘நீங்கள் ரொம்ப நாளாகச் செய்ய நினைத்து, யாரும் கேட்காததால் செய்யாமல் வைத்திருப்பது எது?’ பெயரெடுத்தவர்களை எல்லோரும் பழையதைத்தான் கேட்கிறார்கள், அவர்களுக்கும் அது சலித்துப்போயிருக்கும். அரை மணி நேரப் பரிசோதனையாக இருந்தாலும் சரி என்று சொல்லிவிடுங்கள். மாட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள், கூட்டத்துக்காகப் பழையதைச் சேர்த்தால் மற்ற ஏழு குழுவும் அவருக்கு முன்னால் ஆடும் துணை நிகழ்ச்சி ஆகிவிடும்.

கேள்வி: தேர்வுக் குழு என்று வைத்தாலே பாரபட்சம்தான். யார் விண்ணப்பித்தாலும் மேடை கொடுத்துவிட்டால் என்ன?

பதில்: கொடுக்கிற விழாக்கள் இருக்கின்றன. 1947-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் சர்வதேச விழா தொடங்கியபோது, அழைப்பில்லாமலேயே எட்டு நாடகக் குழுக்கள் வந்து தாங்களாக இடம் பிடித்து நாடகம் போட்டன. அதிலிருந்து வளர்ந்ததுதான் எடின்பரோ ஃப்ரிஞ்ச் விழா. இன்றைக்கும் அதை நடத்தும் அமைப்பு யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை, இடம் கிடைத்தால் யாரும் போடலாம். 1966-ல் அங்கே ஒரு மாணவர் குழு போட்ட, பிரிட்டிஷ் நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பர்டின் நாடகம் மறு வருஷமே லண்டன் நேஷனல் தியேட்டருக்குப் போனது. தேர்வுக் குழு இருந்திருந்தால் அந்த ஸ்கிரிப்ட் உள்ளே வந்திருக்குமா என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆனால் ‘யாரும் போடலாம்’ என்பதில் ஒரு கொக்கி இருக்கிறது. அரங்கு வாடகை, தங்கும் செலவு, விளம்பரம் எல்லாம் கலைஞர் தலையில். குழு தேர்ந்தெடுக்காத இடத்தில் பர்ஸ் தேர்ந்தெடுக்கிறது. கனடாவின் ஃப்ரிஞ்ச் விழாக்கள், 1982-ல் எட்மண்டனில் ஆரம்பித்த வழி, இதைக் கொஞ்சம் சரிசெய்திருக்கின்றன: பெரும்பாலும் குலுக்கல் முறையில் இடம், விழாவே அரங்கு ஏற்பாடு செய்யும், கலைஞர் வைத்த டிக்கெட் விலை முழுவதும் கலைஞருக்கே. இன்னொரு கோடியில் பெர்லினின் தியேட்டர்ட்ரெஃபன் நாடக விழா இருக்கிறது. 1964-லிருந்து நடக்கிறது, விண்ணப்பமே கிடையாது, விமர்சகர்கள் கொண்ட ஒரு குழு வருஷம் முழுக்க ஊர் ஊராகப் போய்ப் பார்த்துப் பத்துத் தயாரிப்புகளைத் தேர்ந்தெடுக்கும். அது ஏற்கெனவே மேடையேறியதற்குத்தான் ஒத்துவரும். இன்னும் பிறக்காததை ஊர் ஊராகப் போய்ப் பார்க்க முடியாது.

சின்ன விழாவுக்கு என் யோசனை: பெரும்பாலான இடங்களைக் குழு தேர்ந்தெடுக்கட்டும், இரண்டு இடத்தை மட்டும் முதல் முறை விண்ணப்பிப்பவர்களுக்கென்று ஒதுக்கிக் குலுக்கிப் போடுங்கள். குழுவில் மூன்று முதல் ஐந்து பேர். அதில் ஒருவர் கட்டாயம் மேடைக்குப் பின்னால் வேலை பார்த்தவராக இருக்க வேண்டும், லைட் அல்லது செட் ஆள். ‘இது நாலு பேரால் தூக்க முடியாது’ என்று கூட்டத்தில் அவர் ஒருவர்தான் சொல்வார். குழுவினர் பெயரை அறிவிப்பிலேயே போடுங்கள். தன் மாணவர், தன் குழு விண்ணப்பித்திருந்தால் அந்த ஒரு விவாதத்தின்போது எழுந்து வெளியே போய்விட வேண்டும். பாரபட்சம் இதனால் அடியோடு ஒழிந்துவிடாது, ஆனால் முகத்தைக் காட்டிக்கொண்டு செய்வது கஷ்டமாகிவிடும்.

கேள்வி: அம்மா, மகள், ஒரு தையல் மெஷின் – இதை வைத்து ஒரு நடனப் படைப்பு செய்துகொண்டிருக்கிறேன். விண்ணப்பத்தில் ‘300 சொற்களில் படைப்பு விளக்கம்’ கேட்கிறார்கள். நான் எழுதியதை இணைத்திருக்கிறேன். ‘இப்படைப்பு பெண்ணுடலின் மௌனத்தையும் நினைவின் அடுக்குகளையும் விசாரணைக்கு உட்படுத்துகிறது’ என்று தொடங்குகிறது. சரியாக இருக்கிறதா?

பதில்: மெஷின் எங்கே போனது? கேள்வியின் முதல் வரியிலேயே எனக்கு ஒரு மேடை தெரிந்துவிட்டது, விளக்கத்தின் முதல் வரியில் ஒன்றுமே தெரியவில்லை. தேர்வுக் குழுவில் இருப்பவர் ஒரே நாளில் நாற்பது விளக்கம் படிப்பார். அதில் பாதிக்கு மேல் நினைவின் அடுக்குகளை விசாரணைக்கு உட்படுத்தும். தையல் மெஷின் ஒன்றில்தான் இருக்கும், அதை நீங்களே ஒளித்து வைக்கிறீர்கள்.

மேடையில் விளக்கு வந்ததும் என்ன தெரிகிறது என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். நீங்கள் அனுப்பிய குறிப்புகளை வைத்து நான் எழுதிப் பார்த்தேன்: ‘மேடையில் காலால் மிதிக்கும் தையல் மெஷின் ஒன்று. அம்மா உட்கார்ந்து தைத்துக்கொண்டே இருக்கிறாள். அந்த மிதியின் சத்தம்தான் நிகழ்ச்சி முழுவதற்கும் தாளம், வேறு இசை கிடையாது. மகள் அந்தத் தாளத்துக்குள் ஆடத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அதைவிட்டு நழுவுகிறாள். அம்மா வேகத்தைக் கூட்டுகிறாள். முதல் 20 நிமிடம் ஒத்திகையில் தயாராக இருக்கிறது. மெஷின் நின்ற பிறகு மகள் என்ன செய்வாள் என்பது எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. தேர்வானால் அதைத் தேடத்தான் இரண்டு மாதம் ஒத்திகை பார்ப்போம்.’

கடைசி இரண்டு வரியைப் போட்டால் பலவீனமாகத் தெரியுமே என்று பயப்படாதீர்கள். புதுப் படைப்பைக் கேட்கிற குழு, எது கையில் இருக்கிறது, எது இல்லை என்று உங்களுக்கே தெரிகிறதா என்பதைத்தான் பார்க்கும். எல்லாம் தெரிந்த மாதிரி எழுதுகிறவரிடம்தான் சந்தேகம் வரும். விளக்கத்தைப் படித்துவிட்டு ‘சரி, மெஷின் நின்றதும் என்ன ஆகும்?’ என்று ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பெண்ணுடல், மௌனம், நினைவு எல்லாம் உங்கள் படைப்பில் இருக்கலாம். அதைப் பார்க்கிறவர் சொல்லட்டும், அவருக்கும் ஏதாவது வேலை வேண்டாமா. இன்னொன்று, மெஷினை யார் கொண்டுவருவது, எத்தனை கிலோ, மேடை மைக்கில் அதன் சத்தம் எப்படிப் பிடிக்கப்படும் என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். லைட் ஆள் இல்லாவிட்டாலும் சவுண்ட் ஆள் சந்தோஷப்படுவார்.

கேள்வி: படைப்பு இன்னும் ஒத்திகையில்தான் இருக்கிறது. வீடியோ கேட்கிறார்கள். எதை அனுப்புவது? செலவு செய்து ஒரு டிரெய்லர் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். டிரெய்லரில் எடிட்டரின் திறமைதான் தெரியும். பின்னணி இசை போட்டு, அரை நொடிக்கு ஒரு காட்சியாக வெட்டினால் யாருடைய ஒத்திகையும் நன்றாகத்தான் இருக்கும், அது குழுவில் இருப்பவர்களுக்கும் தெரியும்.

ஒரே கேமரா, செல்போனே போதும். ஸ்டாண்டில் வைத்து, ஆட்டம் நடக்கும் இடம் முழுவதும் தெரிகிற மாதிரி, வெட்டில்லாமல் எட்டுப் பத்து நிமிடம். நடனமென்றால் பாதம் ஃப்ரேமுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள், முக்கால்வாசி வீடியோவில் முழங்காலோடு உலகம் முடிந்துவிடுகிறது. நாடகமென்றால் குரல். மின்விசிறி சத்தத்தில் வசனம் கேட்காத வீடியோவை யாரும் இரண்டாவது தடவை ஓட்டிப் பார்ப்பதில்லை, அதனால் பத்து நிமிடம் விசிறியை நிறுத்தி வியர்வையோடு எடுங்கள். டியூப்லைட் வெளிச்சம், பழைய டிஷர்ட், சுவரில் மாட்டிய காலண்டர் எதுவும் பிரச்சினையில்லை. எந்தப் பகுதி முக்கியமோ, ‘4-வது நிமிடத்திலிருந்து பார்க்கவும்’ என்று எழுதிவிடுங்கள், ஏனென்றால் சில பேர் நிஜமாகவே முதல் ஒரு நிமிடம்தான் பார்ப்பார்கள்.

அப்புறம் லிங்க். கூகுள் டிரைவில் போட்டுவிட்டு, பார்க்கிற அனுமதியைத் திறந்துவிட மறந்துபோவது அவ்வளவு சகஜம். தேர்வுக் கூட்டத்தில் ‘அனுமதி கோரவும்’ என்று திரையில் வந்தால் மணி இரவு ஒன்பதாக இருக்கும், யாரும் கோர மாட்டார்கள், அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். அனுப்பும் முன் உங்கள் கணக்கில் நுழையாத வேறு ஒருவர் போனில் திறந்து பாருங்கள். பாஸ்வேர்ட் வைத்திருந்தால் லிங்க்குக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒரு வாரத்தில் காலாவதியாகிற லிங்க்கை அனுப்பாதீர்கள், கடைசி தேதிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் ஒரு மாதம்கூட ஆகும்.

விழா நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ‘நல்ல தரத்தில், பல கோணங்களில் எடுக்கப்பட்ட முழு நிகழ்ச்சியின் வீடியோ’ என்று படிவத்தில் கேட்டுவிட்டுத் தலைப்பில் ‘புதிய படைப்புகளுக்கான அழைப்பு’ என்று போடாதீர்கள். முழு நிகழ்ச்சியைப் பல கோணத்தில் எடுத்து முடித்திருந்தால் அது எப்படிப் புதுசு?

கேள்வி: எங்கள் நாடகம் இரண்டரை மணி நேரம். அறிவிப்பில் 60 நிமிடம் என்று இருக்கிறது. அனுப்பினால் நிராகரிப்பார்களா?

பதில்: நிராகரிக்க வேண்டும். 1985-ல் பிரிட்டிஷ் இயக்குநர் பீட்டர் புரூக் அவிஞ்யோனுக்கு அருகே ஒரு கல்குவாரியில் ஒன்பது மணி நேரம் மகாபாரதம் போட்டார், உண்மைதான். அந்த விழா அதற்காகவே திட்டமிட்டது, அவர் பல வருஷம் தயாரித்தார். உங்கள் விழாவில் உங்களுக்கு அடுத்து எட்டு மணிக்கு இன்னொரு குழு வேஷம் போட்டுக்கொண்டு விங்ஸில் நிற்கும். ஒரு மணி நேரத்துக்குத் தனியாக நிற்கிற பகுதி ஏதாவது உங்கள் நாடகத்தில் இருந்தால் அதை அனுப்பலாம். படிவத்தில் 60 என்று எழுதிவிட்டு மேடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அடுத்த தடவை அந்தப் பக்கமே தலைவைக்க முடியாது.

கேள்வி: ஒரே படைப்பை இரண்டு விழாவுக்கு அனுப்பலாமா?

பதில்: தாராளமாக. முதல் அரங்கேற்றம் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்று இரண்டு விழாவும் கேட்டால்தான் சிக்கல், அப்போது முதலில் யார் ஒப்பந்தம் அனுப்புகிறார்களோ அவர்களிடம் சரி சொல்லிவிட்டு அன்றைக்கே மற்றவர்களுக்கு எழுதிவிடுங்கள். அறிவிப்புக்கு அப்புறம் விலகினால்தான் பகை.

கேள்வி: விண்ணப்பக் கட்டணம் வாங்குவது நியாயமா? நாங்கள் பெரிய விழா அல்ல, வருகிற விண்ணப்பங்களைப் பார்க்கவே ஆள் வைக்க வேண்டியிருக்கிறது.

பதில்: எனக்குப் பிடிக்காது. தேர்வாகாதவர்களின் காசில் தேர்வானவர்களுக்கு விழா நடத்துகிற மாதிரி ஆகிவிடும். ஆள் போதவில்லை என்றால் படிவத்தைச் சுருக்குங்கள். வாங்கியே ஆக வேண்டும் என்றால் அதை எதற்குச் செலவழிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், ஒவ்வொருவருக்கும் இரண்டு வரியாவது குறிப்பு எழுதிக் கொடுங்கள். அதுவாவது கைக்கு வரட்டும்.

கேள்வி: ஒரு சிறுகதையைத் தழுவி நாடகம் செய்கிறோம், நடுவில் இரண்டு சினிமாப் பாட்டும் வருகிறது. விண்ணப்பிக்கும் போதே அனுமதி வாங்கியிருக்க வேண்டுமா?

பதில்: கையில் வாங்கியிருந்தால் நல்லது, குறைந்தபட்சம் கேட்டிருக்க வேண்டும். எழுத்தாளர் உயிரோடு இருந்தால் அவரிடம், இல்லையென்றால் வாரிசுகளிடம். இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை காப்புரிமை இருக்கிறது. காப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை சொல்கிற குறைந்தபட்சம் 50 ஆண்டு, ஐரோப்பிய நாடுகளில் 70. பழைய வெளிநாட்டுக் கதை என்று நிம்மதியாக இருக்கிறவர்கள் மொழிபெயர்ப்பாளரை மறந்துவிடுவார்கள். மூலத்துக்கு உரிமை முடிந்திருக்கும், நீங்கள் எடுத்தாளும் மொழிபெயர்ப்புக்கு முடிந்திருக்காது. பாட்டில் இரண்டு அடுக்கு உண்டு: பாடல், இசை ஒன்று, அந்த ஒலிப்பதிவு இன்னொன்று. மேடையில் நீங்களே பாடினால் ஒன்று, பதிவை ஓட்டினால் இரண்டும். நிறைய அரங்குகளும் விழாக்களும் இசை உரிமத்தைத் தாங்களே எடுத்து வைத்திருக்கும், அதனால் முதலில் கேட்டுவிடுங்கள். ஆனால் நாடகத்தின் பகுதியாகப் பாட்டைச் சேர்ப்பது அந்த உரிமத்துக்குள் வருமா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

இதே இடத்தில் விழாக்காரர்களின் ஒப்பந்தத்தையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். ‘விழாவில் பதிவு செய்யப்படும் அனைத்தும் விழா அமைப்புக்கே சொந்தம்’ என்று ஒரு வரி சில ஒப்பந்தங்களில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். விளம்பரத்துக்கு மூன்று நிமிடம், ஆவணக் காப்புக்கு ஒரு பிரதி, முழு நிகழ்ச்சியை இணையத்தில் போடுவதென்றால் தனி அனுமதி, தனித் தொகை என்று மாற்றிக் கேளுங்கள். பெரும்பாலும் மாற்றிக் கொடுப்பார்கள், எங்கிருந்தோ நகலெடுத்த ஒப்பந்தமாகத்தான் இருக்கும்.

கேள்வி: நான்கு வருஷமாக விண்ணப்பிக்கிறேன். ஒரே மாதிரி பதில் வருகிறது: ‘மிகச் சிறந்த விண்ணப்பங்கள் வந்ததால் தங்கள் படைப்பைத் தேர்ந்தெடுக்க இயலவில்லை.’ காரணம் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். ஆனால் ‘ஏன் எடுக்கவில்லை’ என்று கேட்டால் தற்காப்புப் பதில்தான் வரும். ‘எந்த இடத்தில் குழுவுக்குப் புரியாமல் போனது’ என்று கேளுங்கள், சில சமயம் உபயோகமான ஒரு வரி கிடைக்கும். மேடைக்குப் பெரியதாக இருந்தது, இதே விஷயத்தில் இன்னொன்று ஏற்கெனவே எடுத்துவிட்டோம், வீடியோ திறக்கவில்லை. இந்த மூன்றில் எதற்கும் உங்கள் திறமைக்கும் சம்பந்தமில்லை. நான்கு வருஷம் என்றால் விழாவையும் கொஞ்சம் பாருங்கள். கடந்த வருஷங்களில் அவர்கள் எடுத்த பட்டியலை எடுத்து, உங்கள் மாதிரியான வேலை ஒன்றாவது அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அறிவிப்பில் என்ன எழுதியிருந்தாலும் அவர்கள் ருசி வேறு.

நிராகரிப்புக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு: சொன்ன தேதியில் அனுப்புங்கள், அதுவே பாதி மரியாதை. விழா நிகழ்ச்சி நிரலை போஸ்டரில் பார்த்து, ஓ நம்மை எடுக்கவில்லையா என்று தெரிந்துகொள்ள வைக்காதீர்கள். கடைசிச் சுற்று வரை வந்த பத்துப் பதினைந்து பேருக்காவது ஆளுக்கொரு வரி சொந்தமாக எழுதுங்கள். ஒரு மாலை வேலை. அடுத்த வருஷம் உங்களுக்கு நல்ல விண்ணப்பம் வருவதும் வராததும் அந்த மாலையில் இருக்கிறது.

கேள்வி: எங்கள் நாடகம் தேர்வாகிவிட்டது. ஆனால் விண்ணப்பத்தில் எழுதியதற்கும் இப்போது ஒத்திகையில் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. மூன்று பாத்திரம் ஐந்தாகிவிட்டது, முடிவு மாறிவிட்டது, நடுவில் மேடையில் தண்ணீர் கொட்டுகிற காட்சி வந்துவிட்டது. விழாக்காரர்களிடம் சொன்னால் எடுத்துவிடுவார்களோ என்று குழுவில் பயப்படுகிறார்கள்.

பதில்: முடிவு மாறியதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. புதுப் படைப்பு என்றால் மாறத்தான் செய்யும், மாறாமல் இருந்தால்தான் ஒத்திகை நடக்கிறதா என்று அவர்கள் கவலைப்பட வேண்டும். ஆனால் இன்னும் இரண்டு பேர் என்றால் இரண்டு டிக்கெட், இரண்டு கட்டில். அதை விழா முடிவு செய்யும் முன் நீங்கள் முடிவு செய்துவிட முடியாது. கால அளவு, இரைச்சல், தீ, நிர்வாணம், குழந்தைகள் பார்க்கக்கூடாத காட்சி, புதிதாகச் சேர்ந்த பாட்டு, இப்படி அவர்கள் வேலையைத் தொடுகிற எது மாறினாலும் அன்றைக்கே எழுத வேண்டும்.

தண்ணீர் இதில் ரொம்ப அவசரம். கீழே மின்சாரக் கேபிள் ஓடும், உங்களுக்கு அடுத்து ஆடுகிறவர்கள் வெறுங்காலோடு அதே தளத்தில் வந்து நிற்பார்கள், மரத்தளம் ஊறினால் அரங்குக்காரர் விழாக்காரர்களிடம் நஷ்டஈடு கேட்பார். எத்தனை லிட்டர், எங்கே விழுகிறது, அடியில் என்ன விரிக்கிறீர்கள், துடைக்க எத்தனை பேர், எத்தனை நிமிடம் என்று நாலு வரி எழுதி, ஒத்திகையில் எடுத்த ஒரு போட்டோவோடு அனுப்புங்கள். அந்த மாலையின் கடைசி நிகழ்ச்சியாக உங்களை மாற்றிவிட முடியுமா என்று நீங்களே கேட்டுவிட்டால், முக்கால்வாசி விழாக்காரர்கள் சரி என்றுதான் சொல்வார்கள்.